செத்தவங்க சம்மனசு (வானதூதர்) ஆவாங்களா? தவக்கால வெள்ளிக்கிழமைப் படம், ஒரு யோசனை வேணும்

ஞானோபதேச டீச்சர் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் பாடாங் செராய். ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதப் பாடம், எடுக்கிறேன். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்த கையோடு மண்டபத்தில் ஒரு படம் போடலாம் என்று பங்கில் பேசினார்கள். எந்தப் படம் என்று பார்க்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு படத்தை முடிவும் பண்ணி வைத்திருந்தேன். போன ஞாயிறு அது கெட்டது.

அன்றைக்குப் பாடம், இறந்தவர்களுக்காக ஜெபிப்பது. படம் வரையச் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டியை வரைந்தாள். பாட்டி தவறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தலையில் முண்டாசு, அதற்கு மேலே நெற்றிவிளக்கு, கையில் பால் கத்தி, பக்கத்தில் வாளி. கத்தியின் வளைவுகூட சரியாக இருந்தது. முதுகில் மட்டும் இரண்டு பெரிய வெள்ளை இறக்கை.

"பாட்டி சம்மனசு ஆயிட்டாங்க டீச்சர். அம்மா போன்ல ஒரு படம் காட்டினாங்க. அதுல செத்துப்போன தாத்தாவுக்கு இறக்கை கிடைக்கும்."

சரி, பாட்டிக்காக ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லுவோமா என்றேன். பிள்ளை என்னைப் புரியாத மாதிரி பார்த்தாள். "எதுக்கு டீச்சர்? அவங்கதான் சம்மனசாச்சே."

எனக்கு வாய் எழவில்லை. தப்பு என்று தெரியும். பாட்டியை இழந்த பிள்ளையின் கையிலிருந்து இறக்கையைப் பிடுங்க மனசு வரவில்லை.

நான் எடுத்து வைத்திருந்ததும் அந்த மாதிரிப் படம்தான். சண்டை இல்லை, கெட்ட பேச்சு இல்லை, கடைசி அரை மணி நேரம் எல்லாரும் மூக்கைச் சிந்துவோம். மேகத்துக்கு நடுவில் வெள்ளை உடுப்பில் குடும்பமே நிற்கும். இதைப் போடலாமா? திருச்சபை போதனையை வைத்து ஒரு படத்தை எப்படித்தான் எடை போடுவது?

லூனாஸ் பையன் | திங்கள், இரவு 9.40

டீச்சர், ரொம்ப யோசிக்கிறீங்க லா. படம் படம்தான், ஞானோபதேசம் ஞானோபதேசம்தான். அந்தப் படத்தைப் பார்த்து நாலு பேர் அழுது, ஆறு மாசமா பூசைக்கு வராதவன் ஒருத்தன் வந்தா அது லாபம்தானே? நாங்க இளையோர் கூட்டத்துக்கு பதினஞ்சு பேரைக் கூட்டவே நாக்குத் தள்ளுது.

கித்தாக்காட்டான் | திங்கள், இரவு 10.25

தம்பி, அழறதை வச்சுப் படத்தை எடை போட்டா தோட்டத்துல போட்ட படம் எல்லாமே புண்ணியப் படம்தான். எங்க காலத்துல சம்பளம் போட்ட வாரத்துல திடல்ல ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்க. துணிக்கு முன்னால ஒரு கூட்டம், பின்னால ஒரு கூட்டம். பின்னால உக்காந்தவனுக்கு எல்லாரும் இடது கைக்காரன். சாமி படம் போட்டா சாமியாடுவாங்க, வேளாங்கண்ணி படம் போட்டா எங்க ஆளுங்க எழுந்து சிலுவை போடுவாங்க, அம்மா செத்த படம் போட்டா, வரிசை வீட்டு லயமே விடிய விடிய அழும். காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போனா, கணக்கு எழுதுற கிராணி அதே கிராணிதான், நாங்களும் அதே ஆளுங்கதான்.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1948-ல வந்த ஞானசௌந்தரி படத்து மாதா பாட்டை நிரையில நின்னு மரம் வெட்டிக்கிட்டே பாடும். வெட்டுப்பட்ட கை மாதா வேண்டுதலால திரும்ப முளைக்கிற கதை. அது நாட்டுக் கதை, வேதாகமம் இல்ல. ஆனா அந்தக் கதையில மாதா தானா எதுவும் செய்ய மாட்டாங்க, மகன்கிட்ட வேண்டித்தான் வாங்கித் தருவாங்க. எங்க அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். இப்ப பட்டம் வாங்கினவங்களுக்குத் தெரியல.

சினிமா சும்மா இல்லன்னு பதினோராம் பத்திநாதர் (பயஸ்) பாப்பானவர் 1936-லேயே ஒரு சுற்றுமடல் எழுதி வச்சிருக்காரு. விஜிலாந்தி கூரான்னு பேரு. ஜனங்களை அசைக்கிறதுக்கு சினிமாவை விட வலுவான கருவி இன்னைக்கு இல்லன்னு அதுல சொல்றாரு. பேசும் படம் வந்து பத்து வருஷம்கூட ஆகல அப்ப. கெட்ட படத்துக்குப் போக மாட்டோம்னு விசுவாசிகள் வருஷா வருஷம் வாக்குக் கொடுக்கணும்னும் கேட்டாரு.

சின்னக் குறிப்பிடம் | செவ்வாய், காலை 6.50

டீச்சர் கேட்ட கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

மனிதன் செத்து சம்மனசு ஆவதில்லை. சம்மனசுகள் உடல் இல்லாமலே படைக்கப்பட்ட அரூபிகள். 1215-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நாலாம் லாத்தரன் சங்கம் இரண்டையும் தனித்தனிப் படைப்பாகவே சொல்கிறது. ஒவ்வொரு சம்மனசும் தனித்தனி இனம் என்பார் இறையியல் அறிஞர் அக்குயினாஸ் தோமையார். மனித ஆத்துமா தன் சொந்த உடலோடு உயிர்க்கக் காத்திருக்கிறது, இறக்கைக்கு அல்ல. பூனை செத்து மாமரம் ஆகுமா? அந்த மாதிரி.

இன்னொன்று. அழகான படம்தான் அதிக ஆபத்து. பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் அதை விசுவாசப் பிரமாணமாக எடுத்துக்கொள்வதில்லை. "எல்லா மதமும் ஒரே மலைக்குப் போகிற வெவ்வேறு பாதை", "நரகம் என்று ஒன்று இல்லை, கடவுள் அன்பானவர்" என்று வயலின் வாசித்துக்கொண்டே சொல்கிற படம்தான் உள்ளே இறங்கும்.

வத்திக்கானில் போட்டார்கள் என்பதும் முத்திரை ஆகாது. இயேசு பிறப்பு பற்றிய தி நேட்டிவிட்டி ஸ்டோரி படத்தின் முதல் காட்சி 2006 நவம்பர் 26 அன்று அங்கேதான் நடந்தது. அதில் மாதா பிரசவ வேதனையில் கத்துகிறார். திரெந்து சங்கத்தின் பேரில் 1566-இல் வந்த உரோமை ஞானோபதேசம், மாதா எந்த நோவும் இல்லாமல் பெற்றெடுத்தார் என்று சொல்கிறது. பேறுகாலத்திலும் கன்னி என்பது மரபு. படம் அதைக் கண்டுகொள்ளவில்லை, பார்த்தவர்களில் பலருக்கும் தெரியாது. ஆகவே டீச்சர், அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

அன்னம்மா திருநாள் நடைப்பயணி | செவ்வாய், காலை 11.05

சின்னக் குறிப்பிடம் ஐயா, நீங்க சொன்னது சரி. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மாவை நினைச்சுப் பாருங்க. மாமியார் போயிட்டாங்க, பிள்ளை ராத்திரி தூங்காம அழுது, கையில இருந்த போன்ல எதையோ காட்டிச் சமாதானம் பண்ணியிருக்கா. சங்கத்தோட தீர்ப்பைப் படிச்சா காட்டுவா?

ஒரு சந்தேகமும் கேக்கிறேன். மத்தேயு 22-ல நம்ம ஆண்டவரே "வானதூதரைப் போல இருப்பார்கள்"ன்னு சொல்றாரே?

சின்னக் குறிப்பிடம் | செவ்வாய், பகல் 1.20

"போல" என்ற சொல்லைப் பாருங்கள் அம்மா. அங்கே கேள்வி, ஏழு அண்ணன் தம்பிகளுக்கு வாழ்க்கைப்பட்டவள் உயிர்ப்பில் யாருக்கு மனைவி என்பது. கல்யாணம் கட்டுவதில்லை என்பதில்தான் தூதரைப் போல. ஆனால் அந்தத் தாயைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவில்லை.

முனீஸ்வரர் கோயில் பின்வீடு | செவ்வாய், மாலை 6.15

நான் உங்க ஆளு இல்ல, இந்து. பக்கத்து வீட்டுல எல்லாரும் வேதக்காரங்க, அதனால இந்தப் பக்கம் அடிக்கடி எட்டிப் பாப்பேன். நெறியாளர் விரட்டாட்டி ஒரு வார்த்தை.

எங்க வீட்டுல எங்க அப்பா போய் பதினாறு கும்பிட்டோம். வருஷா வருஷம் அமாவாசைக்குப் படைக்கிறோம். போனவங்களுக்கு நாம செய்ய வேண்டியது ஒண்ணு இருக்குன்னு ஒரு கணக்கு. உங்க பக்கமும் நவம்பர்ல கல்லறைக்கு மெழுகுவத்தி தூக்கிட்டுப் போறதைப் பாத்திருக்கேன், ரெண்டு வீடும் இதுல ஒண்ணுதான்னு நினைச்சேன். இப்ப டீச்சர் எழுதினதைப் படிச்சா, அந்தப் படத்துல இறக்கை வந்ததும் செய்ய வேண்டியது எல்லாம் முடிஞ்சிடுது போல. அது எங்க மதமும் இல்ல, உங்க மதமும் இல்ல. அது என்ன மதம்?

தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. மறுபிறப்புப் படத்தை நீங்க பாக்கலாமான்னும் ஒரு கேள்வி, சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

ஞானோபதேச டீச்சர் | செவ்வாய், இரவு 8.30

அண்ணன், யாரும் விரட்ட மாட்டோம். மூன்று நாளாக எனக்குள் குடைந்துகொண்டிருந்ததை நீங்கள்தான் எடுத்து வெளியே வைத்தீர்கள்.

சம்மனசா மனுஷியா என்பது பாடத்தில் ஒரு வரி. அதைத் திருத்திவிடலாம். என் வாயை அடைத்தது "எதுக்கு டீச்சர்?" என்ற கேள்விதான். மோட்சத்துக்கு முன் ஆத்துமா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாட்டி இருக்கலாம், நம் ஜெபம் அவருக்கு உதவும். மக்கபே இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் யூதா மக்கபே இறந்த வீரர்களுக்காகப் பணம் திரட்டிப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறாரே, அதுதான் நம் ஆதாரம். படம் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் கொடுத்தது, பதிலுக்கு அவள் பாட்டிக்குச் செய்யக்கூடிய ஒரே வேலையை எடுத்துக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

உங்கள் கேள்விக்கு: பார்க்கலாம், பார்த்தால் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் அதை விசுவசிக்க முடியாது, அவ்வளவுதான். "மனிதர் ஒரே முறை இறக்கின்றனர்" என்று எபிரேயர் 9:27. 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 1013-ஆம் எண்ணில் மறுபிறப்பு இல்லை என்றே சொல்கிறது.

லூனாஸ் பையன் | செவ்வாய், இரவு 9.15

சரி டீச்சர், அந்த அழுகைப் படம் வேணாம். பேயோட்டுற படம் போடலாமா? மண்டபம் நிறையும், நான் கேரண்டி. தி போப்ஸ் எக்ஸார்சிஸ்ட் உண்மையான சாமியார் கதைதானே?

கித்தாக்காட்டான் | செவ்வாய், இரவு 9.50

தபசு காலத்துல பசாசுக்கு மண்டபம் வாடகைக்கா? நல்லா இருக்கு.

சின்னக் குறிப்பிடம் | செவ்வாய், இரவு 10.10

தம்பி, அந்தப் படத்தில் வருகிற அமோர்த் சுவாமி உண்மையான ஆள். உரோமை மறைமாவட்டத்தில் பேயோட்டுபவராக இருந்து 2016-இல் இறந்தார். ஆனால் 2023-இல் அந்தப் படம் வந்தபோது, அவரே தொடங்கிவைத்த பேயோட்டுவோர் சங்கம்தான் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

உண்மையில் நடப்பது என்ன? திருச்சபைச் சட்டம் 1172-இன்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேய்பிடித்தவர்மேல் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. முதலில் இது நோயா என்று பார்க்க வேண்டும். மறைக்கல்வி 1673-இல் அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். படத்தில் சாமியாரும் பசாசும் குத்துச்சண்டை வீரர்கள் மாதிரி சரிக்குச் சரி நிற்பார்கள். பசாசு ஒரு படைப்பு. சர்வேசுரனுக்கு அது சரிநிகர் எதிரி என்று காட்டுவது பழைய மானிக்கேயர் பதிதம், திருச்சபை தள்ளிய போதனை.

செத்தவர் ஆவி பழிவாங்க இன்னொருவர் உடம்பில் ஏறும் தமிழ்ப் படங்களும் இதே கதைதான். செத்த ஆத்துமா திரும்பி வரவே முடியாது.

அன்னம்மா திருநாள் நடைப்பயணி | செவ்வாய், இரவு 10.45

ஐயா, "வரவே முடியாது"ன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. சாமுவேல் முதல் நூல் 28-ல செத்த சாமுவேல் சவுலுக்குத் தோன்றுகிறார். மலைமேல மோசே வந்து நம்ம ஆண்டவரோட பேசினாரு. சர்வேசுரன் அனுமதிச்சா ஆத்துமா தோன்றலாம்னு நீங்க சொன்ன தோமையார் மரபே சொல்லுது. தன் இஷ்டத்துக்கு அலைஞ்சு பழிவாங்க முடியாது, அதுதான் சரி.

சின்னக் குறிப்பிடம் | புதன், காலை 6.30

திருத்தம் ஏற்கப்பட்டது. நான் அவசரத்தில் எழுதினேன்.

லூனாஸ் பையன் | புதன், பகல் 12.40

அப்ப மெல் கிப்சன் எடுத்த தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்? அதுல யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?

கித்தாக்காட்டான் | புதன், மாலை 5.30

2004-ல அந்தப் படம் நம்ம நாட்டுல கிறிஸ்தவங்களுக்கு மட்டும்தான். டிக்கெட் கோயில் வழியாத்தான். நாங்க வேன் பிடிச்சுப் போனோம், போகும்போது ஜெபமாலை, வரும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கல. என் சம்சாரம் வீட்டுக்கு வந்து சிலுவைக்கு முன்னால ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அது பொய் இல்ல.

ஆனா பிலாத்து பெஞ்சாதி மாதாகிட்ட வெள்ளைத் துணி கொடுப்பாங்களே, அந்தத் துணியால ரத்தத்தைத் துடைப்பாங்களே, அதை சுவிசேஷத்துல தேடாதீங்க. மத்தேயுல அந்த அம்மா ஒரு கனா கண்டு ஆள் அனுப்பினாங்கன்னு மட்டும்தான் இருக்கு. துணி அன்னா கத்தரீனா எம்மெரிக் கன்னியாஸ்திரியோட காட்சியில இருந்து வந்தது. அவங்க 1824-ல செத்தாங்க, பிரென்டானோன்னு ஒரு கவிஞர் எழுதி 1833-ல புத்தகமா போட்டாரு. படம் வந்த அதே 2004-ல அவங்களுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தின முத்திப்பேறு பட்டம் கிடைச்சது. ஆனா பட்டத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கணக்குல எடுக்கல, எது அவங்க சொன்னது எது கவிஞர் கைச்சரக்குன்னு பிரிக்க முடியலன்னு.

இப்படி ஒருத்தருக்குத் தனியா கிடைக்கிற தனி வெளிப்பாடு தப்பில்ல. விசுவாசம் வளர உதவலாம். ஆனா அது விசுவாசக் களஞ்சியத்துல சேராது, மறைக்கல்வி 67. ஆண்டவர் முகத்தைத் துடைச்ச வெரோணிக்கம்மா துணியும் பைபிள்ல இல்லதான், அதை நாம சிலுவைப் பாதை ஆறாம் ஸ்தலத்துல கும்பிடுறோம். ரெண்டையும் எங்க வைக்கணுமோ அங்க வச்சா போதும்.

ரத்தம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளைங்களுக்கு வேணாம்.

நெறியாளர் | புதன், இரவு 7.05

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெந்தகோஸ்தே சபையினரைப் பற்றிய கிண்டல் இங்கே வேண்டாம். படத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அன்னம்மா திருநாள் நடைப்பயணி | புதன், இரவு 8.40

எடுத்தவர் யாருன்னு பாத்தும் முடிவு பண்ண முடியாது. பசோலினி ஒரு நாத்திகர், மார்க்சியர். அவரு 1964-ல எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்துல வசனம் முழுக்க மத்தேயுதான், அதை 23-ஆம் யோவான் பாப்பரசர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினாரு. சினிமாவுக்கு நூறு வயசானப்ப, 1995-ல, வத்திக்கான் 45 நல்ல படங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல இது இருக்கு. பக்திமான்கள் எடுத்த எத்தனையோ படம் அதுல இல்ல.

லூனாஸ் பையன் | புதன், இரவு 8.55

கறுப்பு வெள்ளை, இத்தாலி பாஷை. அக்கா, பத்தாவது நிமிஷம் எல்லாரும் வெளிய பொரிச்ச பீசாங் (வாழைப்பழம்) வாங்கிட்டு நிப்பாங்க.

ஞானோபதேச டீச்சர் | வியாழன், இரவு 9.30

எல்லாவற்றையும் படித்தேன். பட்டியலையும் தேடிப் பார்த்தேன். அதில் தி மிஷன் இருக்கிறது, 1986-இல் வந்தது. நேற்று இரவு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன்.

18-ஆம் நூற்றாண்டு, தென் அமெரிக்கா, அருவிக்கு மேலே இயேசு சபைக் குருக்கள் குவரானி மக்களோடு ஒரு ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1750-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் எல்லையை மாற்றிக் கையெழுத்துப் போட, அந்த மக்களை இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்கள்.

ஒரு காட்சி. அடிமை வியாபாரி ஒருவன் தன் தம்பியைக் கொன்றவன். பரிகாரமாகத் தன் கவசம், வாள் எல்லாவற்றையும் வலையில் கட்டி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அருவிப் பாறையில் இழுத்து ஏறுகிறான். சேற்றில் சறுக்குகிறான், மூட்டை கீழே போகிறது, திரும்ப இறங்கிப்போய்க் கட்டிக்கொண்டு ஏறுகிறான். மேலே போனால், அவன் பிடித்து விற்ற ஜனம் நிற்கிறது. ஒருவன் கத்தியோடு ஓடி வந்து கழுத்தில் வைக்கிறான். கழுத்தை அறுக்கவில்லை, கயிற்றை அறுக்கிறான். மூட்டை ஆற்றில் விழுகிறது. அவன் அழ ஆரம்பிக்கிறான்.

நானும் அழுதேன், லூனாஸ் தம்பி சிரிக்கக் கூடாது. ஆனால் படம் என் கையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாவம் பாவமாக இருந்தது, பாரம் பாரமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்ன பிறகு கொடுக்கிற அபராதம் (பரிகாரம்) எதற்கு என்று கேட்கிற பையன்களுக்கு நான் அரை மணி நேரம் பேசியும் விளங்காதது, அந்தக் கயிற்றில் விளங்கும்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும். சின்னவர்களை அந்த நேரம் நான் வகுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

கித்தாக்காட்டான் | வியாழன், இரவு 10.15

காலி பண்ணச் சொல்ற கதைன்னா நான் முன் வரிசையில உக்காருவேன். எங்க தோட்டத்தை வித்து வீடமைப்புக்குக் கொடுத்தப்ப கையில ஒரு கடுதாசி கொடுத்தாங்க. லயத்து வீட்டைவிட எனக்கு வலிச்சது, முக்குல இருந்த எங்க சின்னக் கெபிதான். மாதா சுரூபத்தை சாக்குல சுத்தி மோட்டார்ல வச்சு நான்தான் கொண்டுபோனேன். ஒரு கை இன்னும் உடைஞ்சுதான் இருக்கு.

சின்னக் குறிப்பிடம் | வெள்ளி, காலை 6.45

கடைசியில் ஒரு குருவானவர் ஆயுதம் எடுக்கிறாரே, அது எனக்கு ஒப்பாது. ஆனால் இன்னொருவர் நற்கருணையைக் கையில் ஏந்தி நடக்கிறார், படம் இருவரையும் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. 12-ஆம் பத்திநாதர் 1955-இல் நல்ல படம் எது என்று பேசியபோது, தீமையைக் காட்டலாம், அதற்கு ஒப்புதல் தராத வரை என்றார். அந்த அளவுக்கு இது தேறும். படம் முடிந்ததும் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச எனக்கு இடம் கொடுப்பீர்களா?

ஞானோபதேச டீச்சர் | வெள்ளி, காலை 7.20

பத்து நிமிடம். கடிகாரம் வைத்துக்கொண்டு.

லூனாஸ் பையன் | ஞாயிறு, பகல் 1.15

டீச்சர், அந்தப் பாப்பா என்ன ஆச்சு? இன்னைக்கு வகுப்பு இருந்துச்சே.

ஞானோபதேச டீச்சர் | ஞாயிறு, பகல் 2.40

அவள் அம்மாவிடம் முதலில் பேசினேன். திட்டவில்லை, நடைப்பயணி அக்கா. இன்றைக்குப் பூசையில் யாருக்காக ஜெபிப்பது என்ற கருத்தில் பாட்டி பேரைக் கொடுத்திருந்தார்கள், குருவானவர் வாசித்தார். பிள்ளை பெஞ்சில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தாள், பாட்டி பேரைச் சொன்னது யார் என்று.

வகுப்பில் அவளிடம், பாட்டி பாட்டியாகவே சாமிகிட்ட போவாங்க, அதே கை, அதே முகம், போற வழிக்கு நாம வெளிச்சம் காட்டணும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு கலர் பென்சிலை எடுத்து நெற்றிவிளக்குக்கு மஞ்சள் அடித்தாள், தாள் கிழிகிற அளவுக்கு. இறக்கையை அழிக்கவில்லை. நீலம் அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, "இது இறக்கை இல்ல டீச்சர், மழைக்கோட்டு" என்றாள்.

கித்தாக்காட்டான் | ஞாயிறு, பகல் 3.05

மழையில யாரு மரம் வெட்டுறது? பாப்பாவுக்குத் தோட்டம் தெரியல.

சரி, வெள்ளிக்கிழமைக்கு நீள வயர் யார் கொண்டுவர்றது? மண்டபத்துப் பிளக் பாயின்ட் பின்னால இருக்கு.

லூனாஸ் பையன் | ஞாயிறு, பகல் 3.10

எங்கிட்ட இருக்கு அங்கிள். ப்ரொஜெக்டரும் பேசிட்டேன். வெள்ளைத் துணி மட்டும் வேணும்.

முனீஸ்வரர் கோயில் பின்வீடு | ஞாயிறு, பகல் 3.30

துணி நான் தரேன். திருவிழாவுக்கு வாங்கினது, துவைச்சு வச்சிருக்கேன். பின்னால உக்காந்து பாக்கலாமா?